கண்காட்சிக்கு முன்பே வடிவமைப்புப் பதிவு

கேள்வி: கோவையில் டேபிள் டாப் கிரைண்டர் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று, அதன் வெளித்தோற்றத்தைப் புதிதாக வடிவமைத்து, படங்களைச் சில டீலர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியுள்ளது. அடுத்த மாதம் கண்காட்சியிலும் வைக்கவுள்ளது. பிறர் இதை நகலெடுக்காமல் தடுக்க வழி உண்டா?

பதில்: 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டம் வழி செய்கிறது, எனினும் அது காப்பது பொருளின் இயக்கத்தை அன்று, முழுமையடைந்த பொருளில் கண்ணால் மட்டுமே மதிப்பிடப்படும் உருவம், கோலம், அலங்காரம், வண்ணச் சேர்க்கை போன்றவற்றையே. ஆகவே கிரைண்டரின் உடல் வளைவு பதிவுக்கு உரியது. மாவை வழிக்கப் பாத்திரத்தைச் சாய்க்கும் பொறியமைப்பு புதியதாயின், அதற்குக் காப்புரிமை, அதாவது பேடன்ட், தனியே கோர வேண்டும்.

இவ்விவகாரத்தில் மிகவும் கவலைக்குரியது வாட்ஸ்அப் படங்களே. விண்ணப்ப நாளுக்கு முன் உலகின் எப்பகுதியிலேனும் பொதுமக்களுக்கு வெளிப்பட்டுவிட்ட வடிவமைப்பைப் பதிய 4-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. வெளியிட்டவர் உரிமையாளரே ஆனாலும் இத்தடை பொருந்தும். நம்பிக்கையின் பேரில், வெளியே காட்டுவது நம்பிக்கைத் துரோகமாகும் சூழலில் ஒருவரிடம் காட்டியதை 16-ஆம் பிரிவு வெளியீடாகக் கருதுவதில்லை என்பதால், டீலர்களுக்குப் படங்கள் எந்த நிபந்தனையோடு அனுப்பப்பட்டன என்பதே முடிவைத் தீர்மானிக்கும். அச்செய்திகளை அழிக்காமல் வைத்திருத்தல் அவசியம். கண்காட்சிக்கு 21-ஆம் பிரிவு தரும் சலுகையோ, மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிக்கு மட்டுமே, முன்கூட்டியே பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, காட்டிய நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால்தான் கிட்டும். அதை நம்பியிருப்பதைவிட முன்பே விண்ணப்பித்துவிடுவதே பாதுகாப்பானது.

விண்ணப்பத்துடன் முன், பின், பக்கவாட்டு, மேல், கீழ்த் தோற்றப் படங்களையும், 'புதுமை, படத்தில் காட்டியவாறு கிரைண்டரின் உருவத்திலும் அமைப்பிலும் உள்ளது' என்பது போன்ற புதுமைக் கூற்றையும் தர வேண்டும். வரைபடத்துக்குப் பதிப்புரிமை இருக்கிறதே என்று பதிவைத் தள்ளிப்போடக் கூடாது. பதியத்தக்க வடிவமைப்பு பதியப்படாமல், தொழில்முறையில் 50-க்கு மேற்பட்ட முறை பொருளாக உருவாக்கப்பட்டதும் அதன் பதிப்புரிமை அற்றுப்போகிறது.

பதிவு 10 ஆண்டுகள் நிலைக்கும். அது முடியுமுன் விண்ணப்பித்தால் மேலும் 5 ஆண்டுகள் கிடைக்கும். நகலெடுத்தவரிடம் ஒவ்வொரு மீறலுக்கும் ரூ. 25,000 வரை, ஒரு வடிவமைப்புக்கு மொத்தம் ரூ. 50,000-க்கு மிகாமல் பெறலாம். இது இன்றைய வணிகத்துக்கு மிகச் சொற்பமான தொகை. ஆதலால் இதற்கு மாற்றாக மாவட்ட நீதிமன்றத்தில் இழப்பீட்டோடு தடையாணையும் கோரி வழக்கிடுவதே பயன் தரும். வடிவமைப்பு பழையது என்ற எதிர்வாதம் அங்கே எழக்கூடும்; அவ்வாறு எழுந்தால் வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்படும்.