வேரியாக்கைத் திருப்பினால் வோல்டேஜ் நிற்குமா?

செஞ்சியைச் சுற்றி நெல்லும் மல்லாட்டையும் விளையும் ஊர்கள். வயல் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தால், டிரான்ஸ்ஃபார்மருக்குத் தள்ளி லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் ஃபேன் சோர்ந்து சுற்றும், ஃபிரிட்ஜ் முனகிவிட்டு நின்றுபோகும். அப்போது யாராவது ஒருவர் சொல்லும் யோசனை: "ஸ்டெபிலைசருக்கு எதற்குச் செலவு? பழைய வேரியாக் ஒன்று மலிவாகக் கிடைக்கும். வாங்கி வைத்துத் திருகிக்கொள்ளலாம்." கைப்பிடியைத் திருகி வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி அது. பாலிடெக்னிக் லேபில் டிம்மர்ஸ்டாட் என்ற பெயரில் அதைக் கையாண்டவர்கள் இந்த யோசனையை இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். கருவி நல்ல கருவிதான். அதைச் சுற்றியுள்ள நம்பிக்கைகள்தான் ஆபத்தானவை.

"0 முதல் 270 வரை என்று போட்டிருக்கிறது, லைனில் என்ன வந்தாலும் 230-க்கு ஏற்றிக்கொள்ளலாம்."

இதை நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். அந்த 270, உள்ளே 240 வோல்ட் வரும்போது மட்டும் கிடைக்கும் உச்சம். வேரியாக் எதையும் உற்பத்தி செய்வதில்லை. வருவதை ஒரு விகிதத்தில் மாற்றித் தருகிறது. 240-க்கு 270 என்றால் அதிகபட்சம் எட்டில் ஒரு பங்கு கூடும், அவ்வளவுதான். லைனில் 180 வந்தால், கைப்பிடியைக் கடைசி வரை திருப்பினாலும் 202.5-ஐத் தாண்டாது. 160 வந்தால் 180. டயலில் அச்சடித்த எண்ணை நம்பாமல், வெளியே வரும் வோல்டேஜை மல்டிமீட்டரால் அளந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

"ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் அப்படியே நிற்கும்."

நிற்காது. நிற்பது விகிதம் மட்டும். சாயங்காலம் 180 இருக்கிறதே என்று முழுதாக ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். வயல் மோட்டார்கள் நின்றதும் லைன் 240-க்கு எழும்புகிறது. உங்கள் ஃபிரிட்ஜுக்குப் போவது இப்போது 270. ஆள் தூங்குகிற நேரத்தில் அந்தக் கைப்பிடியைத் திருப்ப யாரும் இல்லை. லோ வோல்டேஜிலிருந்து காப்பாற்ற வாங்கிய பொருளே ஹை வோல்டேஜில் தள்ளிவிடுகிறது.

சர்வோ ஸ்டெபிலைசரைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: உள்ளே பெரும்பாலும் இருப்பது இதே வேரியாக்தான். வளையமான இரும்புக் கோரின்மேல் செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். மேல்பக்கம் ஒரு பட்டை அளவுக்கு இனாமல் சுரண்டப்பட்டுச் செம்பு பளபளக்கும். அதன்மேல் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே நகரும். கைப்பிடிக்குப் பதில் ஒரு சின்ன மோட்டாரும், வெளியே போகும் வோல்டேஜை இடைவிடாமல் கவனித்து அந்த மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கும் சர்க்யூட்டும் இருக்கும். சர்வோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், அந்தத் தூங்காத கவனிப்புக்குத்தான்.

"டிரான்ஸ்ஃபார்மர்தானே, ஷாக் அடிக்காது."

இந்த நம்பிக்கை உயிரையே எடுக்கும். சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு தனிச் சுற்றுகள் உண்டு. லைனுக்கும் வெளியே வருவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வேரியாக்கில் இருப்பது ஒரே சுற்று. லைன் அப்படியே உள்ளே வந்து வெளியே போகிறது. சுவர் பாயிண்ட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் (பழைய வீடுகளில் இது சகஜம்) கைப்பிடி பூஜ்யத்தில் இருக்கும்போதும் வெளியே வரும் இரண்டு முனைகளும் தரைக்கு 230 வோல்ட்டில் நிற்கும். மீட்டரை இரண்டு முனைக்கும் நடுவே வைத்தால் பூஜ்யம் காட்டும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று தொடுகிறவருக்கு அது பூஜ்யம் அல்ல.

"ஒரு கே.வி.ஏ. என்று போட்டிருக்கிறது, ஒரு கே.வி.ஏ. தாங்கும்."

தாங்குவது ஆம்பியரை. 4 ஆம்பியர் வேரியாக் 270 வோல்ட்டில் ஒரு கே.வி.ஏ. சொச்சம் தரும், 100 வோல்ட்டில் அதே 4 ஆம்பியர்தான், வெறும் 400 வி.ஏ. வீட்டுத் தண்ணீர் மோட்டாரோ கிளம்பும் நொடியில் வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பிரஷ் நிற்கும் அந்த ஒரே இடம் சுட்டுக் கருகும். வீட்டு எம்.சி.பி. பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது: 24 வோல்ட்டில் வைத்திருக்கும்போது வெளியே ஷார்ட் ஆகி பிரஷில் 40 ஆம்பியர் ஓடினாலும், லைனிலிருந்து இழுப்பது சுமார் 4 ஆம்பியர்தான். எம்.சி.பி. ஏன் விழப்போகிறது? வெளியே வரும் பக்கத்தில் தனி ஃபியூஸ் கட்டாயம்.

"வோல்டேஜைக் குறைத்து வைத்தால் பில் குறையும்." எல்.இ.டி. பல்பும் டி.வி.யும் குறைந்த வோல்டேஜில் கூடுதல் கரண்ட் இழுத்து அதே வாட்டைத்தான் எடுக்கும். 1000 வாட் ஹீட்டர் 180 வோல்ட்டில் ஏறக்குறைய 610 வாட் தரும். தண்ணீர் சுட அதற்கேற்ப நேரம் பிடிக்கும். மோட்டாரின் சுழற்றும் வலுவும் அதே அளவுக்கு விழுகிறது; ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் முனகிச் சூடேறுவது அதனால்தான்.

வேரியாக்குக்கு உரிய இடம் ரிப்பேர் மேசை. பழைய ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்க, ஸ்டெபிலைசர் எத்தனை வோல்ட்டில் கட் ஆகிறது என்று சோதிக்க, அதைவிட நல்ல கருவி இல்லை. செஞ்சி காந்தி பஜார் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் அதை வாங்கினால் நியாயம். பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பார்.

"லோ வோல்டேஜ் நம் தலையெழுத்து, நாம்தான் சமாளிக்க வேண்டும்."

இதை ஏற்றுக்கொள்ளவே கூடாது. தாழ்வழுத்த இணைப்பில் அறிவித்த வோல்டேஜிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்று 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே, 54-வது விதியில் எழுதி வைத்தார்கள். 230-க்குக் கணக்குப் போட்டால் 216-க்குக் கீழே இறங்கக்கூடாது. 180 தருவது சலுகைக் குறைவு அல்ல, கடமைத் தவறு. தெருவில் எல்லோரும் ஆளுக்கொரு கருவி வைத்து ஏற்றிக்கொண்டால், லைனில் கரண்ட் கூடி, கடைசி வீட்டுக்கு வோல்டேஜ் இன்னும் இறங்கும். அந்தக் கடைசி வீட்டில் ஸ்டெபிலைசர் வாங்க வசதியில்லாதவர் இருப்பார். கம்பியை மாற்றுவதும், ஒரே ஃபேஸில் குவிந்த வீடுகளைப் பிரித்துப் போடுவதும், புது டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதும் ஈ.பி.யின் வேலை.

உங்கள் வீட்டில் மட்டும் இறங்கினால், கம்பத்திலிருந்து மீட்டர் வரை எங்கோ ஜாயிண்ட் லூஸாக இருக்கலாம். ஒரு அறையில் பல்பு மங்கி இன்னொரு அறையில் அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் நியூட்ரல் போயிருக்கலாம். உடனே மெயினை ஆஃப் செய்துவிட்டு ஈ.பி.க்குச் சொல்லுங்கள். தெரு முழுக்க இறங்கினால், காலை, மாலை, இரவு என ஒரு வாரம் வோல்டேஜை அளந்து நேரத்தோடு எழுதி, பக்கத்து வீடுகளின் சர்வீஸ் எண்களையும் சேர்த்து, செக்ஷன் ஆபீஸில் மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஈ.பி.யின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் பதிவு செய்து, புகார் எண்ணை அந்த மனுவின் நகலிலேயே குறித்து வையுங்கள்.