ரீசார்ஜ் கணக்கு

அரிசி வாங்கப் போகிறோம். விலை கேட்கிறோம். எடை பார்க்கிறோம். கல் இருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்க்கிறோம். அதன் பிறகுதான் காசு கொடுக்கிறோம்.

கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்யப் போகிறோம். கடைக்காரர் ஒரு தொகை சொல்கிறார். அதைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். எத்தனை நாளைக்கு என்று பலர் கேட்பதில்லை. எவ்வளவு டேட்டா என்றும் கேட்பதில்லை.

இந்தியாவில் கைப்பேசிச் சேவை 1995 ஜூலை 31 அன்று தொடங்கியது. அப்போது அது வசதியானவர்களின் பொருள். நாம் பேசினாலும் காசு. பிறர் நம்மை அழைத்தாலும் நமக்குக் காசு. வரும் அழைப்புக்குக் காசு என்பது 2003ஆம் ஆண்டில்தான் நின்றது. இன்று கூலி வேலைக்குப் போகிறவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. வங்கிச் செய்தி அதில் வருகிறது. சமையல் எரிவாயு பதிவு செய்வதும் அதில்தான். பிள்ளையின் பள்ளிக்கூடத் தகவலும் அதில்தான். ஆகவே ரீசார்ஜும் ஒரு குடும்பச் செலவு ஆகிவிட்டது. அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும்.

மூன்று எண்கள்

முதலில் பணம் கட்டிவிட்டுப் பிறகு பயன்படுத்துவது ப்ரீபெய்டு. அந்தப் பணத்தைக் கட்டுவதுதான் ரீசார்ஜ். ஒவ்வொரு ரீசார்ஜ் திட்டத்திலும் மூன்று எண்கள் முக்கியம்.

ஒன்று, விலை.
இரண்டு, எத்தனை நாள். இதை வேலிடிட்டி என்பார்கள்.
மூன்று, எவ்வளவு டேட்டா. டேட்டா என்பது இணையம் பார்க்கும் அளவு. இதை எம்.பி., ஜி.பி. என்று அளக்கிறார்கள். 1,024 எம்.பி. சேர்ந்தால் 1 ஜி.பி.

பலரும் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

தாராவியில் ஒரு வகுப்பு

மும்பை தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. இட்லி அவித்துத் தெருத்தெருவாக விற்றுப் பிழைப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். அங்கே பெண்கள் படிக்கும் ஒரு வகுப்பில் இந்தக் கணக்கு நடப்பதாக வைத்துக்கொள்வோம். டீச்சர் பலகையில் நான்கு திட்டங்களை எழுதினார். இவை கணக்குக்காக எடுத்த விலைகள். கடையில் விலை அவ்வப்போது மாறும்.

முதல் திட்டம்: 196 ரூபாய். 28 நாள். மொத்தம் 2 ஜி.பி.
இரண்டாம் திட்டம்: 308 ரூபாய். 28 நாள். தினம் ஒன்றரை ஜி.பி.
மூன்றாம் திட்டம்: 364 ரூபாய். 28 நாள். தினம் 2 ஜி.பி.
நான்காம் திட்டம்: 840 ரூபாய். 84 நாள். தினம் ஒன்றரை ஜி.பி.

நான்கிலும் பேசுவதற்குத் தனிக் காசு இல்லை.

“இதில் விலை கூடியது எது?” என்று கேட்டார் டீச்சர்.

“840தான்” என்றார் இட்லி விற்கும் அக்கா. “அவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன்?”

“சரி அக்கா. விலையை நாளால் வகுத்துப் பாருங்கள்.”

அக்கா நோட்டில் வகுத்தார். 308ஐ 28ஆல் வகுத்தால் 11 ரூபாய் வந்தது. 840ஐ 84ஆல் வகுத்தால் 10 ரூபாய் வந்தது.

“அடடா! பெரிய விலையில்தானே ஒரு நாள் காசு குறைகிறது!”

ஆமாம். 308 ரூபாய்த் திட்டத்தை மூன்று முறை போட்டால் 84 நாள் வரும். அதற்கு 924 ரூபாய் ஆகும். ஒரே முறையில் போட்டால் 840 ரூபாய். மிச்சம் 84 ரூபாய்.

மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவர்கள் என்ன செய்வது? இப்போதைய திட்டம் நடக்கும்போதே தினம் 10 ரூபாய் உண்டியலில் போடலாம். 84 நாளில் 840 ரூபாய் சேர்ந்துவிடும். ஆனால் இதற்காகக் கடன் வாங்கக் கூடாது. வட்டி அந்த மிச்சத்தைத் தின்றுவிடும்.

பதின்மூன்றாவது மாதம்

28 நாள் என்பது ஒரு மாதம் இல்லை. ஆண்டுக்கு 12 மாதம். ஆனால் 28 நாள் திட்டத்தை ஆண்டுக்கு 13 முறை போட வேண்டும். 13ஐ 28ஆல் பெருக்கினால் 364 நாள் வரும்.

308 ரூபாய்த் திட்டம் போடுகிறவர் 12 முறை என்று நினைத்தால் ஆண்டுச் செலவு 3,696 ரூபாய். உண்மையில் 13 முறை போடுகிறார். செலவு 4,004 ரூபாய். அந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜ்தான் கண்ணுக்குத் தெரியாத செலவு.

கைப்பேசி நிறுவனங்களைக் கண்காணிக்க ஓர் அமைப்பு உண்டு. அதன் பெயர் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். சுருக்கமாக டிராய். இது 1997இல் அமைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் இது ஓர் உத்தரவு போட்டது. 30 நாள் திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் இருக்க வேண்டும். கடைப் பலகையில் இவை இல்லாவிட்டாலும் கேட்டு வாங்கலாம்.

யாருக்கு எவ்வளவு டேட்டா?

பக்கத்து வீட்டுக்காரர் போடும் திட்டம் நமக்குப் பொருந்தாது. நம் தேவை வேறு.

எழுதி அனுப்பும் செய்திக்கு மிகக் குறைந்த டேட்டா போதும். பணம் அனுப்பவும் வாங்கவும் அப்படித்தான். படம் அனுப்பினால் கொஞ்சம் கூடும். டேட்டாவை விழுங்குவது வீடியோ. சாதாரணத் தெளிவில் ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் ஏறக்குறைய அரை ஜி.பி. போகும். மிகத் தெளிவாகப் பார்த்தால் 1 ஜி.பி.யும் போகும். அதற்கு மேலும் போகலாம்.

“எனக்கு எது சரி, டீச்சர்?” என்று கேட்டார் அக்கா. “இட்லிக்குக் காசு இதில்தான் வருகிறது. ஆர்டரும் வாட்ஸ்அப்பில் வருகிறது.”

“அதற்கு மட்டும் என்றால் 196 ரூபாய்த் திட்டம் போதும். 28 நாளில் 112 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 1,456 ரூபாய் மிச்சம்.”

“ராத்திரி அரை மணி நேரம் சீரியல் பார்ப்பேனே!”

வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் பலகையில் கணக்குப் போட்டார். அரை மணி நேரத்துக்குக் கால் ஜி.பி. 28 நாளுக்கு 7 ஜி.பி. திட்டத்தில் இருப்பதோ 2 ஜி.பி.தான்.

“உங்கள் மகள் கைப்பேசியில் என்ன திட்டம், அக்கா?”

“அவள் கல்லூரியில் படிக்கிறாள். பாடம் பார்க்கத் தினம் ஒன்றரை ஜி.பி. போடுகிறாள்.”

“எல்லாம் தீர்ந்துவிடுகிறதா?”

“இல்லை. பாதி மிச்சம் இருக்கும் என்பாள்.”

“அந்த மிச்சத்தை ஹாட்ஸ்பாட் வழியாக நீங்கள் வீட்டில் பயன்படுத்தலாம். ஒரு கைப்பேசியின் இணையத்தை இன்னொரு கைப்பேசிக்குக் கொடுப்பதுதான் ஹாட்ஸ்பாட். மகளிடம் கேளுங்கள். செய்து காட்டுவாள்.”

பெரும்பாலான தினசரித் திட்டங்களில் அன்றைய டேட்டா மறுநாளைக்குச் சேராது. நள்ளிரவோடு போய்விடும். அதனால் தினம் மிச்சமாகிற டேட்டா வீண்காசு. தினசரி அளவு நள்ளிரவுக்கு முன்பே தீர்ந்துவிட்டால் வேகம் மிகவும் குறைந்துவிடும். வீடியோ ஓடாது. அப்போது கூடுதல் டேட்டா தனியாக வாங்கலாம். ஆனால் அடிக்கடி அப்படி வாங்கினால் திட்டமே நமக்குச் சிறியது என்று பொருள்.

பின்வரிசையில் இருந்த ஆச்சி கேட்டார். “என்னிடம் இருப்பது பட்டன் போன். பேச மட்டும்தான். எனக்கு எதற்கு டேட்டா?”

ஆச்சி கேட்டது நியாயம். டிராய் 2024 டிசம்பரில் இதற்கும் விதி செய்தது. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டத்தை நிறுவனங்கள் தர வேண்டும். 2025 ஜனவரி முதல் இத்தகைய திட்டங்கள் வந்தன. “டேட்டா இல்லாத திட்டம் வேண்டும்” என்று கடையில் கேட்க வேண்டும். அதற்கும் விலையை நாளால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

5ஜி என்றால் வேகமான இணையம். இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்று இது தொடங்கியது. கைப்பேசி 5ஜிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வசிக்கும் இடத்தில் 5ஜி சிக்னலும் வேண்டும். இரண்டும் இல்லாதவர் 5ஜி என்று சொல்லி விற்கும் விலை கூடிய திட்டத்தை வாங்க வேண்டியதில்லை.

சிக்னல் இல்லாத மலிவு

விலை மலிவு. டேட்டா அதிகம். ஆனால் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. அந்தத் திட்டத்தால் என்ன பயன்? புது நிறுவனத்துக்கு மாறும் முன், அதே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும். வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் அவர் கைப்பேசியில் பேசிப் பார்க்கலாம்.

மாறினாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இந்த வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. ஆங்கில எழுத்தில் ‘போர்ட்’ என்று எழுத வேண்டும். ஓர் இடம் விட்டுத் தன் 10 இலக்க எண்ணை எழுத வேண்டும். அதை 1900 என்ற எண்ணுக்கு அனுப்ப வேண்டும். ஒரு குறியீடு வரும். அதையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு புது நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டும். பழைய நிறுவனத்தில் குறைந்தது 90 நாள் இருந்திருக்க வேண்டும். பழைய திட்டத்தில் மீதி இருக்கும் நாளும் பணமும் புது நிறுவனத்துக்கு வராது. ஆகவே திட்டம் முடியும் சமயத்தில் மாறுவது நல்லது.

எண்ணைக் காப்பாற்ற வேண்டும்

பணம் இல்லாத மாதத்தில் ரீசார்ஜைத் தள்ளிப்போடுகிறார்கள். திட்டம் முடிந்தால் நாம் யாரையும் அழைக்க முடியாது. சில நாளில் நமக்கு வரும் அழைப்பும் நின்றுவிடலாம். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் நிறுவனம் அந்த எண்ணைத் துண்டிக்கலாம். பிறகு ஒரு நாள் அந்த எண் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

வங்கிக் கணக்கில் அந்த எண்தான் இருக்கிறது என்றால்? நம் வங்கிச் செய்திகள் முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும். அதனால் கை நெருக்கடியான காலத்தில் மிகக் குறைந்த விலைத் திட்டத்தையாவது போட்டு எண்ணைக் காப்பாற்ற வேண்டும். எண் மாறிவிட்டால் முதல் வேலையாக வங்கிக்குப் போய்ப் புது எண்ணைக் கொடுக்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியவை

எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். கடைக்காரரைத் திரும்பப் படிக்கச் சொல்ல வேண்டும். ஓர் இலக்கம் தவறினால் பணம் வேறொருவர் எண்ணுக்குப் போய்விடும்.

ரீசார்ஜ் ஆனதற்கான குறுஞ்செய்தி வரும்வரை கடையிலேயே நிற்க வேண்டும். செய்தியில் விலை, நாள், டேட்டா மூன்றும் சொன்னபடி இருக்கின்றனவா என்று படிக்க வேண்டும்.

பணம் போய் ரீசார்ஜ் ஆகாவிட்டால் அந்தக் கைப்பேசியிலிருந்து 198ஐ அழைத்துப் புகார் சொல்லலாம். இதற்குக் கட்டணம் இல்லை. புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

“இலவச ரீசார்ஜ்” என்று வரும் இணைப்பைத் தொடக் கூடாது. கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930ஐ அழைக்க வேண்டும்.

கணக்குப் போடுவோம்

1. ஒரு திட்டம் 252 ரூபாய், 28 நாள். இன்னொன்று 240 ரூபாய், 24 நாள். இரண்டிலும் டேட்டா ஒரே அளவு. எது மலிவு? ஒரு நாளைக்கு எவ்வளவு வித்தியாசம்?

2. 252 ரூபாய்த் திட்டத்துக்கு ஓர் ஆண்டில் எவ்வளவு செலவாகும்? 13 முறை என்பதை மறக்க வேண்டாம்.

3. கடைசியாகச் செய்த ரீசார்ஜின் குறுஞ்செய்தியைத் தேடிப் படியுங்கள். மூன்று எண்களையும் நோட்டில் எழுதுங்கள். விலையை நாளால் வகுங்கள்.

4. திட்டம் முடியும் தேதியைக் கண்டுபிடியுங்கள். வீட்டு நாள்காட்டியில் அந்தத் தேதிக்கு வட்டம் போடுங்கள்.

பேசுவோம்

உங்கள் வீட்டில் எத்தனை கைப்பேசிகள்? எல்லாவற்றுக்கும் ஒரே திட்டமா? யாருடைய டேட்டா தினம் வீணாகிறது? எல்லாரும் உட்கார்ந்து பேசிக் கணக்குப் பாருங்கள். மிச்சமாகும் பணம் எவ்வளவு என்று அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.