கட்டின்மைக் கூறுகள்: முடிவுத் தாளில் நாம் தாண்டிச் செல்லும் எண்

செயலாராய்ச்சியில் 'அடைவு பெற்றார்', 'பெறவில்லை' என இரண்டே விடை வரும்போது லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கு கைகொடுக்கும். மென்பொருள் தரும் முடிவில் டிவியன்ஸ் என்ற அளவை எல்லோரும் பார்க்கிறோம். அதன் அருகில் உள்ள கட்டின்மைக் கூறுகளை, அதாவது டிகிரிஸ் ஆஃப் ஃப்ரீடத்தை, பலர் கவனிப்பதில்லை.

ஐந்து மாணவரின் சராசரியைச் சொல்லிவிட்டால் நால்வரின் மதிப்பெண்ணை விருப்பம்போல் எழுதலாம். ஐந்தாவது தானே முடிவாகிவிடும். கருத்து இவ்வளவுதான். ஆனால் இதில் பெரியவர்களே முரண்பட்டார்கள். 1900இல் கை-வர்க்கச் சோதனையைத் தந்தவர் கார்ல் பியர்சன். இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்குக் கட்டின்மைக் கூறு 3 அல்ல, 1 என்று 1922இல் நிறுவியவர் ஃபிஷர்.

மேனாம்பேட்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் பலர். பிள்ளைகள் பள்ளிக்கு வரும் விதம் வாசிப்பைப் பாதிக்கிறதா என்று எனக்குத் தோன்றியதுண்டு. 60 மாணவர்களில் 42 பேர் அடைவு பெற்றதாகக் கொள்வோம். காரணிகள் இரண்டு: வருகை நாள்கள், வரும் விதம், அதாவது நடை, மிதிவண்டி, பேருந்து.

காரணி எதுவும் சேர்க்காத நிலையில் டிவியன்ஸ் 73.3, கட்டின்மைக் கூறு 59. மாறிலி ஒன்றுக்கு ஒன்று போய்விட்டது. வருகையை மட்டும் சேர்த்தால் 58, டிவியன்ஸ் 66.9 ஆகிறது என்போம். குறைவு 6.4. கூறு 1க்கான 5 சதவீத எல்லை 3.84, ஆகவே வருகைக்குத் தொடர்பு உண்டு. அடுத்து வரும் விதத்தைச் சேர்க்கிறோம். மூன்று வகையில் ஒன்று ஒப்பீட்டு அடிப்படை என்பதால் இரண்டு கெழுக்கள், கூறு 56. டிவியன்ஸ் 65.1 என்றால் குறைவு வெறும் 1.8. எல்லையோ 5.99. பேருந்தில் வரும் பிள்ளைகள் பின்தங்குவார்கள் என்று அறிக்கையில் எழுத இந்தத் தரவு இடம்தரவில்லை.

56 வரவேண்டிய இடத்தில் 57 வந்தால், நடை 1, மிதிவண்டி 2, பேருந்து 3 என்று நாம் இட்ட குறியீட்டை மென்பொருள் அளவாகவே எடுத்துக்கொண்டது என்று பொருள். வகைமாறி என்று குறித்து மீண்டும் இயக்க வேண்டும்.

இன்னொன்று, எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. தொடக்கக் கூறு 59க்குப் பதில் 52 என்று வந்தால் கணக்கில் 53 பேர்தான் இருக்கிறார்கள். விவரம் விடுபட்ட ஏழு பேரை மென்பொருள் சத்தமின்றி நீக்கியிருக்கும். ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்த வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்குத்தான் முழு வருகைப் பதிவு இருக்காது. வாசிப்பில் கூடுதல் உதவி தேவைப்படுவோரும் பெரும்பாலும் அவர்களே. ஆகவே கெழுக்களைப் படிக்கும் முன், 59 இருக்கிறதா என்று பதிவேட்டுடன் ஒப்பிடுங்கள்.