திர்ஹமும் நம் கணக்கும்

மாலை ஏழு மணி. நல்லேப்பிள்ளியில் வயல் வேலை முடிந்து எல்லோரும் தொடர்கல்வி மையத்துக்கு வந்துவிட்டார்கள். அன்று மாமா ஒருவர் தம் மகனையும் கூட்டி வந்தார். மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் நெடும்பாசேரியில் விமானம் ஏறுகிறான்.

"அம்மிணி, இவனுக்குப் பணக் கணக்குச் சொல்லிக் கொடு. நான் பட்டது இவன் படக் கூடாது" என்றார் மாமா.

மாமாவும் துபாயில் வேலை செய்தவர்தான். அப்போது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கார்டையும் ரகசிய எண்ணையும் கூடத் தங்கிய ஒருவரிடம் கொடுப்பார். அவர் பணம் எடுத்து வருவார். இயந்திரம் தரும் சீட்டை மாமாவால் வாசிக்க முடியாது. மாதம் 100 திர்ஹம் குறைந்துகொண்டே வந்தது. எட்டு மாதம் கழித்துத்தான் அது தெரிந்தது.

"800 திர்ஹம் போச்சு. வீட்டு ஓடு மாற்ற வைத்திருந்த காசு" என்றார்.

யாரும் பேசவில்லை. நான் சாக்பீஸை எடுத்தேன்.

முதல் மாதக் கணக்கு

துபாயில் நாணயம் திர்ஹம். 100 பில்ஸ் சேர்ந்தால் ஒரு திர்ஹம். ரூபாய் மதிப்பு நாளுக்கு நாள் மாறும். நம் கணக்குக்கு ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு மாதம் வேலை செய்த பிறகுதான் சம்பளம் வரும். அதுவரை கையில் பணம் வேண்டும். இல்லாவிட்டால் முதல் மாதமே கடன்.

மகன் கரும்பலகையில் எழுதினான்:

சாப்பாடு – 350
பஸ் – 50
போன் – 50
அவசரத்துக்கு – 100

மாமா எழுத்துக்கூட்டி வாசித்தார். "சோப்பு, மருந்து இதையெல்லாம் விட்டுட்டியே!" என்றார். தாமே எழுந்து போய் 50 என்று எழுதினார்.

மொத்தம் 600 திர்ஹம். 600 × 23 = 13,800 ரூபாய். இந்தப் பணத்தை வங்கியிலோ உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ மாற்றுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். எல்லாப் பணத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

கார்டு

நம் ஊர் வங்கிக் கார்டு வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது. 2020 முதல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, நாம் கேட்டால்தான் அந்த வசதி கிடைக்கும். புறப்படும் முன் வங்கியில் கேளுங்கள்.

அந்தக் கார்டில் பணம் எடுக்கும்போது இயந்திரம் "ரூபாயிலா, திர்ஹமிலா?" என்று கேட்கலாம். திர்ஹம் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் பெரும்பாலும் கூடுதல் பணம் பிடிப்பார்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கட்டணம் உண்டு. எனவே சிறிது சிறிதாக எடுக்க வேண்டாம்.

ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். கார்டின் மேல் எழுதாதீர்கள். வங்கியின் போன் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். கார்டு தொலைந்தால் உடனே கூப்பிட்டு நிறுத்தலாம்.

வீட்டுக்குப் பணம்

ஐக்கிய அரபு நாடுகளில் 2009 முதல் சம்பளத்தை வங்கி, நாணய மாற்று நிறுவனம் போன்றவை வழியாகக் கொடுக்கும் முறை உள்ளது. எனவே சம்பளச் சீட்டை மாதந்தோறும் வாசியுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்று திர்ஹமுக்கு எத்தனை ரூபாய்? கட்டணம் எவ்வளவு? வீட்டுக்கு எங்கே கூடுதல் ரூபாய் வந்து சேருமோ அங்கே அனுப்புங்கள். உண்டியல் வழியாக அனுப்புவது சட்டப்படி குற்றம். பணம் போனால் காட்ட ரசீதும் இருக்காது.

தெரிந்துகொள்வோம்

ஒரு காலத்தில் வளைகுடா நாடுகளில் நம் ரூபாய்தான் ஓடியது. 1959-இல் ரிசர்வ் வங்கி அந்த நாடுகளுக்கென்று தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. துபாயில் 1966 வரை அது புழங்கியது. திர்ஹம் 1973-இல் வந்தது.

பயிற்சி

1. சம்பளம் 1,200 திர்ஹம். செலவு 500. அவசரத்துக்கு 200 எடுத்து வைக்க வேண்டும். வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம்? அது எத்தனை ரூபாய்?
2. மாமா இழந்த 800 திர்ஹம் இன்றைய நம் கணக்கில் எத்தனை ரூபாய்?
3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு வங்கிச் சீட்டைக் கொண்டு வாருங்கள். மீதிப் பணம் எவ்வளவு என்று நீங்களே வாசித்துச் சொல்லுங்கள்.