மலைச்சரிவில் வீட்டு மனை மரங்களும் அவற்றை வெட்ட அனுமதியும்

நீலகிரி, கோடைக்கானல், ஏற்காடு முதலிய மலைப் பிரதேசங்களில், பட்டா நிலத்திலும் வீட்டு மனையிலும் நிற்கும் மரங்களை உடையவர் தம் இஷ்டப்படி வெட்டிக்கொள்ளலாமெனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. 1955-ம் வருஷத்து மலைப் பிரதேச மரப் பாதுகாப்புச் சட்டம் அமுலிலுள்ள இடங்களில், மரம் யாருடையதாயினும், அதற்கென நியமிக்கப்பட்ட கமிட்டியின் முன் அனுமதியின்றி அதை வெட்டுதல் குற்றமாகும். நீலகிரியில் ஜில்லா கலெக்டர் இக்கமிட்டியின் தலைவராவார். இவ்விதியின் காரணத்தையும், மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவற்றையும் கீழே கூறுவோம்.

1. வேரின் வேலை

சரிவான நிலத்தில் மரம் இரு வகையில் மண்ணைக் காக்கின்றது. பருத்த வேர்கள் முளையடித்தாற்போல் கீழ்மண்ணில் இறங்கி மேல்மண்ணைப் பிணிக்கின்றன. மெல்லிய வேர்கள் வலைபோற் பரவி அதை இறுக்குகின்றன. இஃதன்றி, மரம் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி இலைகளின் வழியே ஆவியாக வெளிவிடுவதால், மண் அளவுக்கு மிஞ்சி நீர் கோத்து நிற்பதில்லை.

மரத்தை வெட்டியவுடன் நீர் உறிஞ்சுதல் நின்றுவிடும். வேரின் பிடிப்போ உடனே போய்விடாது. வேர்கள் மெல்ல மெல்ல மக்குகின்றன. புதுக்கன்று நட்டாலும் அதன் வேர் பலப்படப் பல வருஷம் செல்லும். ஆகவே, வெட்டிய பின் சுமார் 3 வருஷம் முதல் 15 வருஷம் வரையிலான காலமே சரிவுக்கு மிகவும் பலவீனமான காலமாகும். இரண்டு மழைக்காலம் தீங்கின்றிக் கழிந்தது கண்டு, "மரம் போனதால் நஷ்டமொன்றுமில்லை" என்று கருதுவோர் ஏமாந்துபோவர். தீங்கு பிந்தி வருவதாலேயே சட்டம் அனுமதியை முந்திக் கேட்கின்றது.

மேலும், மேல்மனைக்காரர் வெட்டிய மரத்தின் பலனை அனுபவிக்க நேருபவர் பெரும்பாலும் கீழ்மனைக்காரரே. 2009-ம் வருஷம் நவம்பர் மாதப் பெருமழையில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவுக்கு மரம் வெட்டுதல் ஒன்றே காரணமன்று. கட்டடத்திற்காகச் சரிவைச் செங்குத்தாக வெட்டுதலும், நீரோடும் வழிகளை அடைத்தலும் அதற்குக் காரணங்களாகும். இம்மூன்றும் ஒரே மனையில் சேருமாயின் அபாயம் மிகும்.

2. மிராசுதாரர் செய்ய வேண்டியவை

(அ) நிழலுக்காகவோ வெளிச்சத்திற்காகவோ மரத்தைக் குறைக்க விரும்பினால், கிளை கழித்தல் போதுமா என முதலில் ஆலோசிக்கவும். அதற்கும் அனுமதி வேண்டுமாவென வனத்துறையாரைக் கேட்டறிதல் நலம்.

(ஆ) வெட்டியே தீரவேண்டுமாயின், மனுவில் ஸர்வே நம்பர், மரத்தின் இனம், எண்ணிக்கை, தரையிலிருந்து 4½ அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு, வெட்டுவதற்குக் காரணம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிக்கவும்.

(இ) கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வீட்டின்மேற் சாய்ந்திருந்தாலும், அடிமரம் பொந்தாயிருந்தாலும், வேரைச் சுற்றி மண்ணில் புது வெடிப்புக் கண்டாலும் தாமதமின்றி எழுத்துமூலம் தெரிவிக்கவும். காற்று மழைக்கு முன்பே, சித்திரை வைகாசியில் மரங்களைப் பார்வையிடுதல் உத்தமம்.

(ஈ) வெட்டுவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னதாகவே பக்கத்தில் கன்றுகளை நட்டு வளர்க்கவும். அனுமதி பெற்று வெட்டிய பின்பும் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கலாகாது. தோண்டினால் மண் இளகிப்போம். கற்பூர மரத்தின் கட்டை மறுபடி துளிர்ப்பதால் அதன் வேர் முழுதும் மாண்டுபோவதில்லை. வெற்றிடத்தில் வெட்டிவேர்ப் புல்லைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நடலாம்.

3. கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

மனுவின் பேரில் ஸ்தலத்தைப் பார்வையிடும்போது மரத்தை மட்டும் பார்த்துத் திரும்பலாகாது. சரிவு எவ்வளவு செங்குத்தானது, கீழே குடியிருப்போர் உளரா, மழைநீர் எவ்வழி செல்கின்றது என்பவற்றையும் குறித்தனுப்பவேண்டும். விறகு வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டான் என்பது வெட்டுவதற்குத் தக்க காரணமாகாது. அதுபோலவே, மெய்யாகவே அபாயமான மரத்தைப் பற்றிய மனுவைக் கிடப்பில் போடுதலும் தவறேயாகும்.

மரம் பட்டாதாரருடையதேயாயினும், அதன் வேர் பிடித்திருக்கும் மண் கீழ்மனைக்காரரின் வீட்டையும் காக்கின்றது. இதை உணர்ந்தோர் அனுமதி கேட்பதை ஒரு தொல்லையாகக் கருதமாட்டார்.