காது அடைப்பது ஏன்?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

உதகையிலிருந்து பேருந்தில் இறங்குகையில் காது அடைப்பது ஏன்? நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் இணைப்பது ஊஸ்டேசியன் குழல். ஏறத்தாழ 36 மி.மீ. நீளமுள்ள இக்குழல் சாதாரணமாக மூடியிருக்கும்; விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறக்கும்.

சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைப்போல் ஏறக்குறைய முக்கால் பங்கே. இறங்க இறங்க வெளியழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்நோக்கி அழுத்துகிறது. குழல் திறந்தால் இருபுறமும் சமமாகும். ஆகவே மிட்டாயைச் சுவைத்து அடிக்கடி விழுங்க வேண்டும். சளியால் குழல் வீங்கியிருந்தால் எளிதில் திறவாது; அப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதலாகாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தம்பிக்குச் சளியால் காதடைத்தால் பாட்டி எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள். அடைப்போ செவிப்பறைக்கு அப்பால். எண்ணெய் அங்கே எட்டாது. பறையில் துளையிருந்தால் கேடும் விளையும். இதைப் படம் வரைந்து பாட்டிக்கு விளக்கினேன். சீழ் வடிந்தாலும் காது மந்தமானாலும் மருத்துவரிடம் காட்டுவதே நலம். நண்பர்களே, நாம் கற்கும் விலங்கியல் நம் வீட்டுக்கும் எட்டட்டும்!