குப்பைத் திட்டத்தில் உழவர் பார்க்க வேண்டிய வரவு செலவு

கிராம சபையில் குப்பைத் திட்டம் என்று பேச்சு வந்தால், வண்டி எத்தனை, கொட்டகை எங்கே என்பதோடு முடிந்துவிடுகிறது. மாதாமாதம் அதை நடத்தப் பணம் எங்கிருந்து வரும்னு யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி நம்மை நம்பி எழுதப்படுகிறது: 'எரு விற்பனை வரவு'. அதனால் உழவர்கள் இந்தக் கணக்கைப் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது.

கட்டுமானத்துக்குப் பணம் கிடைக்கிறது. தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு, இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை உள்ள கிராமத்துக்குத் திடக்கழிவுக்காகத் தலைக்கு 60 ரூபாய் வரையும், அதற்கு மேல் உள்ள கிராமத்துக்கு 45 ரூபாய் வரையும் ஒதுக்கியது. இதில் 30 விழுக்காட்டை ஊராட்சி தன் 15ஆவது நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டியிருந்தது. நெகிழியைக் கையாள ஒன்றியத்துக்கு ஒரு கூடம், அதற்கு 16 லட்சம் வரை. தருமபுரி நகரத்தைப் போல ஒரு லட்சத்துக்குக் குறைந்த மக்கள் உள்ள ஊர்களுக்கு, நகர்ப்புறத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 50 விழுக்காடு. நிதிக்குழு மானியத்தின் காலமோ 2026 மார்ச் வரைதான். கொட்டகை நிற்கும், மானியம் நிற்காது.

நடத்துகிற செலவுக்கு வருவோம். 5,000 பேர், 1,200 வீடு உள்ள ஒரு ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். கீழே வருவது கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். உங்கள் ஊர் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு 200 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 1 டன் குப்பை. அதில் மட்கும் குப்பை 600 கிலோ. 150 வீட்டுக்கு ஒரு தூய்மைக் காவலர் வீதம் 8 பேர். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்றால் 40,000. (இந்தக் கூலியில் ஒரு குடும்பம் ஓடாது என்பது வேறு விஷயம். திட்டம் போடுகிறவர்கள் முதலில் திருத்த வேண்டிய வரி இதுதான்.) வீட்டுக்கு 30 ரூபாய் கட்டணம் வைத்து எல்லோரும் கட்டினால் 36,000. பத்தில் ஆறு வீடு கட்டினால் 21,600.

600 கிலோ ஈரக் குப்பை மட்கினால் கால் பங்கு, அதாவது 150 கிலோ எரு. மாதத்துக்கு நாலரை டன். கிலோ 3 ரூபாய்க்கு விற்றால் 13,500. ஆக, எரு விற்றே திட்டம் ஓடும்னு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எரு கூலிக்கு ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான்.

இதே ஈரக் குப்பையை 30 கிலோமீட்டர் தள்ளி ஒரு வட்டார ஆலைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? போக வர 60 கிலோமீட்டர். சின்ன லாரிக்குக் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் வைத்தாலும் நாளைக்கு 1,200, மாதத்துக்கு 36,000. 13,500 ரூபாய் எருவுக்கு 36,000 ரூபாய் வண்டி வாடகை! ஈரக் குப்பையில் பாதிக்கு மேல் தண்ணீர். தக்காளியும் கீரையும் மிஞ்சும் பாலக்கோடு பக்கத்தில் இன்னும் கூடுதல். தண்ணியை லாரியில் ஏற்றி ஊர் சுற்றுகிற வேலை இது.

அதனால் வட்டாரத் திட்டமே வேண்டாம் என்பதல்ல. எது ஊரில், எது வட்டாரத்தில் என்று பிரிக்க வேண்டும். மட்குவது ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சாம்பலும் மண்ணும் பள்ளம் நிரப்பப் போகும். விலை போகிற அட்டை, இரும்பை உள்ளூர்ப் பழைய சாமான் கடையே எடுத்துக்கொள்ளும். யாரும் வாங்காத மெல்லிய நெகிழி, கந்தல் நாளைக்கு 100 கிலோ என்றால் வாரத்துக்கு 700 கிலோ. அமுக்கிக் கட்டி வாரம் ஒரு நடை அனுப்பினால் மாதம் 4,800 ரூபாயில் முடியும்.

ஒன்றியக் கூடத்தின் செலவை எப்படிப் பங்கிடுவது? தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் பிரித்துக் கொடுக்கிற ஊரும், அப்படியே கொட்டுகிற ஊரும் ஒரே தொகை கட்டும். எடைக்கு இவ்வளவு என்று வையுங்கள். குறைவாக அனுப்பும் ஊருக்குச் செலவு தானாகக் குறையும். கூடத்தில் ஒரு எடைமேடை அவசியம். மின்கல வண்டியின் மின்கலம் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியது. அதற்கு மாதாமாதம் தனியாக ஒதுக்காத ஊரில் வண்டி கொட்டகையில்தான் நிற்கும்.

குப்பைக் கணக்கில் பெரும்பாலும் விடுபடும் செலவு ஒன்று இருக்கிறது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5 லட்சத்துக்குக் குறைந்த மக்கள் உள்ள ஊர்கள் கூட்டாகச் சேர்ந்து பொதுவான குப்பை நிரப்பு நிலம் வைத்துக்கொள்ள வழி செய்தன. அதே விதிகள், நிலத்தை மூடிய பிறகும் குறைந்தது 15 ஆண்டு பராமரிக்கச் சொல்லின. அந்த 15 ஆண்டுச் செலவு திட்ட அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைப் பக்கத்து நிலத்துக்காரர் கிணற்று நீரால் கட்டுவார். பெங்களூருக் குப்பையைச் சுமந்த மண்டூரில் மக்கள் போராடி 2014இல்தான் கொட்டுவதை நிறுத்தினார்கள். கோவையின் குப்பையை வெள்ளலூர் இன்னும் சுமக்கிறது.

எருவை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நகர எருவுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை மானியம் 2016இல் வந்தது, 2021இல் நின்றது. இரசாயன உர மூட்டைகளோடு சேர்த்து விற்கவும் ஏற்பாடு இருந்தது. அவ்வளவு சுற்றத் தேவையே இல்லை. மேலே சொன்ன ஊராட்சியில் ஆண்டுக்கு 54 டன் எரு. ஏக்கருக்கு 5 டன் போட்டால் 11 ஏக்கருக்குத்தான் காணும்! ஏழெட்டு உழவர்கள் சேர்ந்து ஊராட்சியோடு ஆண்டு ஒப்பந்தம் போட்டால் விற்பனைக் கவலை தீர்ந்தது.

ஆனால் பிரிக்காத குப்பையில் செய்த எருவை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். கண்ணாடிச் சில்லு, பிளேடு, பேட்டரி எல்லாம் வரும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகர எருவில் ஒரு கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. மொத்தத் தழைச்சத்து குறைந்தது 0.8 விழுக்காடு இருக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே ஆண்டுக்கு இரண்டு ஆய்வறிக்கை தருவது ஊராட்சியின் பொறுப்பு என்று எழுதுங்கள். ஆய்வுச் செலவையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அங்ககச் சான்று வைத்திருப்பவர்கள் சான்றளிக்கும் துறையிடம் எழுத்தில் கேட்டு, ஒப்புதல் வந்த பிறகே வயலில் போட வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டப் பேச்சு அக்டோபர் 2 கிராம சபையில் தொடங்கும். ஏழெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு, எத்தனை டன் எரு எந்த விலைக்கு எடுத்துக்கொள்வோம், எந்தத் தரத்தில் இருந்தால் எடுப்போம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.